மாடு சொன்னதாக ஆகிவிடும்

கண்ணு,

நாங்கள் இங்கே சுகம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டது, செவலை மாடு கன்று போட்டது, மஞ்சள் காட்டில் களையெடுப்பு முடிந்தது. இதில் எதை முதலில் எழுதட்டும் என்று கேட்டதற்கு, மாட்டை எழுது என்றார் உன் அப்பா. அவர் பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன், முழங்காலையே முதலில் எழுதிவிட்டேன். பேரனுக்குப் பல் முளைக்கிற சமயம் என்று எழுதியிருந்தாய். கடிக்கக் கையில் எதையாவது கொடுத்து வை, சர்க்கார் காகிதத்தைக் கொடுத்துவிடாதே. நீ அந்த வயதில் உன் அப்பா நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதைத் தின்றவன். பிற்காலத்தில் தாலுகா ஆபீசில்தான் வேலை என்று அப்போதே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ ஹெட் குமாஸ்தா ஆன பிறகு எழுதும் கடிதங்களில் முதல் பாதி குமாஸ்தா எழுதுகிறார், பின் பாதிதான் என் மகன் எழுதுகிறான். பின் பாதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வேலை ஒன்று காலியாகிறது, யாரை அனுப்பலாம் என்று தாசில்தார் உன்னிடம் குறிப்புக் கேட்டிருக்கிறார், வரிசைப்படியும் வேலைப்படியும் யோசேப்புதான் முதலில் நிற்கிறான், ஆனால் அவனுக்குப் பின்னால் பழனிச்சாமி இருக்கிறான். பழனிச்சாமி என் தம்பி மகன், உன் பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். வீட்டில் அவள் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இதுதானே விஷயம்?

இந்தக் கடிதத்தை நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? நடுவீட்டில். வெளியே களத்து ஓரம் புளிய மரத்தடியில் கட்டிலைப் போட்டு உன் மாமன் உட்கார்ந்திருக்கிறான். காலையிலேயே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வந்தவன் தண்ணீர் குடித்த சொம்பைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டான். "அக்கா, மாப்பிள்ளைக்கு நீங்க ஒரு வார்த்தை எழுதோணுமுங்க. நான் எழுதுனா மாமனார் எழுதுனதாப் போயிரும். நீங்க எழுதுனாத் தட்டமாட்டாருங்க." பார்க்கலாம் தம்பி என்றேன். அவனுக்கு அது போதவில்லை. "பொண்ணையே குடுத்திருக்கறனுங்க. ஒரு நாற்காலியக் குடுக்க மாட்டாருங்களா?" என்றான். சொம்பு இன்னும் அவன் கையில்தான் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. சரி தம்பி, எழுதறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதுகிறேன் என்றுதான் சொன்னேனே தவிர, என்ன எழுதுவேன் என்று சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

பழனிச்சாமியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணு. தங்கமான பையன். கிராமம் கிராமமாகப் போகக் குதிரை ஏறுவான், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், யார் வந்தாலும் எழுந்து நின்று பேசுவான். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் ரெவின்யூ இன்ஸ்பெக்டராகி நம் ஊருக்கு முகாம் வந்தால் எனக்குப் பெருமையாக இருக்காதா? இருக்கும். பொய் சொல்லமாட்டேன். என் தம்பியின் முகத்தைப் பார்க்கும்போது இந்தக் கடிதத்தை அவன் கேட்ட மாதிரியே எழுதிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் நீ எழுதிய ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "யோசேப்பு வகுப்புவாரி உத்தரவில் வந்தவன்தானே, அவனுக்கு அவசரம் என்ன என்று ஆபீசில் எல்லோரும் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். எல்லோரும் சொல்கிறார்கள் என்று நீ எழுதினால், நீயும் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாங்காயைப் பறித்ததும் எல்லோரும்தான்.

நீ எப்படி உள்ளே போனாய் என்பது உனக்கு மறந்துபோயிருக்கும், எனக்கு மறக்கவில்லை. அந்த ஆபீசில் அதுவரை நம்மைப் போல் ஏர் பிடிக்கிற வீட்டிலிருந்து ஒருவரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை. இன்ன வகுப்புக்கு இத்தனை என்று சர்க்கார் உத்தரவு போட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் நீ போனாய். நீ பரீட்சை தேறியவன், கெட்டிக்காரன், எல்லாம் சரி. கதவு மூடியிருந்தால் கெட்டிக்காரன் வெளியேதான் நின்றிருப்பான். உள்ளே போன பிறகும் என்ன நடந்தது? உன்னைக் கொண்டுபோய் ரிக்கார்டு ரூமில் போட்டார்கள். பழைய கட்டுகளைப் பிரித்து, தூசி தட்டி, திரும்பக் கட்டுவது. நீ லீவில் வந்தபோது மாட்டுக் கொட்டாய் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாய். "ஆபீஸ் முச்சூடும் ஒரே குடும்பமாட்ட இருக்குதம்மா. அத்திம்பேர், அம்மாஞ்சின்னு கூப்பிட்டுக்கறாங்க. நான் ஒருத்தன் உத்தரவுல வந்தவன்னு தனியா நிக்கறேன்" என்று சொன்னாய். உன்னை ஏன் வெளி வேலைக்கு அனுப்பவில்லை என்று கேட்டதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் நினைவிருக்கிறதா? குடியானவனைக் கணக்குப் பார்க்க அனுப்பினால் சொந்தக்காரன் காட்டுக்கு வரியைக் குறைத்துவிடுவான் என்றார்கள். நல்ல காரணம்தான், இல்லையா? எந்தக் காரணமும் அடுத்தவனுக்குச் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. உன் அழுகையைக் கேட்ட உன் அப்பாவும் மாமனும் ராத்திரி சாப்பிடாமல் யோசித்தார்கள். ஒரு பெரிய மனிதரிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் நம் சனத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே? அது ஆடித் தேரோடு மாட்டுச் சந்தை கூடுகிற சமயம். இரண்டு பேரும் அந்தியூர்ச் சந்தைக்குப் போய், பர்கூர் மலை மாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். செவலையில் வெள்ளைத் திட்டு, கொம்பு வீசி நின்றால் கோயில் சிலை மாதிரி இருக்கும். பொறுக்கி எடுத்தவன் உன் மாமன். அந்த மாடு பால் கறக்குமா, டவுன் தெருவில் நிற்குமா என்று கேட்கிற புத்தி இரண்டு பேருக்கும் இல்லை. பெண் பார்க்கிற மாதிரி நிறத்தைப் பார்த்தார்கள், நடையைப் பார்த்தார்கள், வாங்கிவிட்டார்கள். மஞ்சள் பூசி, கழுத்தில் சலங்கை கட்டி, டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய் உங்கள் ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ளேயே கட்டிவிட்டார்கள்.

மலை மாடு டவாலிப் பட்டை போட்ட ஆளை அதுவரை பார்த்ததில்லை. பியூன் பக்கத்தில் வந்தான், முட்டித் தள்ளியது. கயிற்றை அறுத்துக்கொண்டு பத்திரம் எழுதுகிறவர்கள் உட்காரும் இடத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடியது. மைக்கூடு எல்லாம் கொட்டிப்போயிற்று. நீ ரிக்கார்டு ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்ததாகப் பிறகு சொன்னாய். சத்தம் கேட்டு ஹெட் குமாஸ்தா அய்யர் வெளியே வந்தார். இன்றைக்கு நீ உட்கார்ந்திருக்கிறாயே, அதே நாற்காலியில் இருந்தவர். உன் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி, பையன் நம்ம ஆபீஸ்லதானுங்க இருக்கறான். இது உங்களுக்குக் கொண்டாந்தமுங்க" என்றார். அய்யர் மாட்டைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார். கோபப்படவில்லை. "நான் இந்த மாட்டை வாங்கிண்டா, நாளைக்கு உங்க பையன் நன்னா வேலை பாக்கறான்னு நான் மனசாரச் சொன்னாலும் அது மாடு சொன்னதாத்தான் ஆகும். அவனுக்கு அந்தப் பேரு வேண்டாம். ஓட்டிண்டு போங்கோ" என்றார். உன் அப்பா என்னிடம் வந்து இதை அப்படியே சொன்னார். அவர் ஒருவர் சொன்னதை மாற்றாமல் திருப்பிச் சொன்னது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வாரம் உன்னை ரிக்கார்டு ரூமிலிருந்து கூப்பிட்டு ஒரு கிராமத்துக் கணக்கைக் கையில் கொடுத்தார். அதில் ஒரு பூமி கிணற்றுப் பாசனத் தோட்டம் என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் கோடையில் வற்றிக் கிடக்கும், அங்கே சோளம்தான் விளையும், தோட்டத் தீர்வை போட்டது தப்பு என்று நீ சொன்னாய். இத்தனை வருஷமாக அந்தக் கட்டைப் பார்த்தவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அவர்கள் முட்டாள்கள் இல்லை. வற்றிய கிணற்றுப் பக்கம் வளர்ந்தவர்கள் இல்லை, அவ்வளவுதான். அதிலிருந்துதான் உன் வண்டி ஓட ஆரம்பித்தது. நான் அந்த அய்யரை மகான் என்று சொல்லவில்லை. அவருடைய தம்பி மகன்கள் அதே ஆபீசில்தான் இருந்தார்கள். அவர்கள் யாரும் மாடு ஓட்டிக்கொண்டு வரவில்லை. அவர்களுக்கு உறவே மாடாக நின்றது. தன் வீட்டு மாடு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, நம் மாடு தெரிந்தது. எல்லா மனிதருக்கும் அப்படித்தான். அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

இப்போது யோசேப்பு விஷயத்துக்கு வருகிறேன். பேரன் பிறந்த சமயம் நான் டவுனில் உன் வீட்டில் இருந்தபோது நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். ஊர்க் கணக்கெல்லாம் சரிபார்க்கிற ஜமாபந்தி நேரம். ஒரு நாள் மத்தியானம் அவன் வெயிலில் காகிதக் கட்டோடு வந்து, வாசல் வேப்ப மரத்தடியில் நின்றான். உள்ளே வா என்று நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவனாகத்தான் அங்கே நிற்கிறான் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம், அது நமக்கு வசதியாக இருந்தது. நீ ஜன்னலுக்கு உள்ளே இருந்து கேட்டாய், அவன் வெளியே இருந்து பதில் சொன்னான். "அந்தக் கணக்க இன்னொருக்காக் கூட்டிப் பாத்துப்போட்டனுங்க சார். நாளைக்குக் காலைல கையெழுத்துக்கு வெச்சரலாமுங்க. நீங்க எந்திரிச்சு வரோணும்னு இல்லீங்க" என்றான். அவன் குரலில் நம் பக்கத்துப் பேச்சு இருந்தது. எந்த ஊர் தம்பி என்று கேட்டேன். "பெருந்துறைப் பக்கந்தானுங்கம்மா. எங்கய்யன் பண்ணையத்துல ஆளா இருந்தாருங்க. பாதிரியாரு பள்ளிக்கூடத்துல படிச்சு வந்தனுங்க" என்றான். யார் பண்ணையம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. குடிக்க இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னேன். டம்ளர் வேண்டாத பண்டம் என்று யோசித்துத்தான் கொடுத்தேன். அது அவனுக்கும் தெரிந்திருக்கும். "நல்லா இருக்குதுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குடித்தான்.

அவன் போன பிறகு நீ சொன்னதை நான் இங்கே எழுதுகிறேன், உனக்கு மறந்திருந்தால் படித்துக்கொள். "இவன் மட்டும் இல்லீன்னா இந்த வருசம் ஜமாபந்தி சந்தி சிரிச்சிருக்குமம்மா" என்றாய். அன்றைக்கு அவன் உத்தரவில் வந்தவனாகத் தெரியவில்லையா? வேலை வாங்கும்போது யோசேப்பு, நாற்காலி கொடுக்கும்போது உத்தரவில் வந்தவன். இது என்ன நியாயம், கண்ணு? எனக்குக் கோபம் வருகிறது. உன்மேல் வருகிற கோபம் எனக்கு நிலைக்காது, அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவன் நன்மைக்காகத்தான் தயங்குகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். கிராமத்துக்கு முகாம் போனால் அவனுக்கு யார் இடம் கொடுப்பார்கள், எந்த மணியக்காரர் எழுந்து நிற்பார், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பான், பாவம் அவமானப்படுவான் என்கிறாய். நீ அவனைக் கேட்டாயா? எனக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று அவன் சொன்னானா? உன்னை ரிக்கார்டு ரூமில் வைத்ததும் உன் நன்மைக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் உனக்கு இனித்திருக்குமா? அவமானம் அவன் பிறந்ததிலிருந்து பார்த்த சங்கதி. அதற்கு என்ன செய்வது என்று உன்னைவிடவும் என்னைவிடவும் அவனுக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்கிறேன். வற்றிய கிணறு உனக்குத் தெரிந்த மாதிரி அவனுக்குத் தெரிந்தது சில இருக்கும். குடியிருக்க ஒரு துண்டு புறம்போக்கு கேட்டு அந்தச் சனம் மனுக் கொடுத்தால், அது மணியக்காரர் வாசலைத் தாண்டி உங்கள் மேஜைக்கு வருகிறதா? நம் ஊரில் வந்ததில்லை. மணியக்காரர் உன் பெரியப்பாதான், எனக்குத் தெரியாதா? அந்த மனு எங்கே நிற்கிறது என்று தேடிப் போய்க் கேட்கிற இன்ஸ்பெக்டர் ஒருவன் வந்தால் ஆபீசுக்கு நஷ்டமா?

தங்க இடம்தான் கவலை என்றால் அதற்கு நான் பதில் சொல்கிறேன். நம் பக்கம் முகாம் வரும்போது நம் தோட்டத்துச் சாளை வீட்டில் தங்கட்டும். வெள்ளையடித்து வைக்கிறேன். நம் கிணற்றிலேயே தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டும். உன் அப்பாவிடம் சொன்னேன். "கெணத்துக் கவுத்த மாத்தோணும், பழசு இத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார். அவர் சம்மதம் இப்படித்தான் வரும் என்று உனக்குத் தெரியும். ஊர் பேசும். உன் பெரியப்பா வீட்டில் கொஞ்ச நாள் நமக்குச் சோறு இருக்காது. இருக்கட்டும், எனக்குச் சமைக்கத் தெரியும். யோசேப்பு வந்தால் இந்தத் தடவை இளநீர் இல்லை, மோர்தான். டம்ளரில்.

பழனிச்சாமிக்கு இது கெடுதல் என்று நினைக்காதே. இன்றைக்கு நீ அவனை முந்த விட்டால், நாளைக்கு அவன் எவ்வளவு உண்மையாக உழைத்தாலும் மச்சான் தயவு என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அந்தப் பேர் அவன் பின்னாலேயே வரும். அவன் முறை வரும்போது, அவன் வேலையே அவனுக்காகப் பேசட்டும். அது சீக்கிரம் வரும், பையன் நல்லவன். உன் பெண்டாட்டி கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் என் தம்பி மகள், நியாயம் தெரிந்த வயிற்றில் பிறந்தவள். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. குறிப்பை எழுதும்போது வேலையைப் பார்த்து எழுது, வரிசையைப் பார்த்து எழுது, என்னைப் பார்த்துக்கூட எழுதாதே. இதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு வேறு மாதிரிதான் தோன்றுகிறது என்றால் அது உன் பாடு. நான் கோபித்துக்கொள்வேன், ஆனால் பேரனைப் பார்க்க வருவேன்.

இவ்வளவு எழுதி முடித்ததும் உன் மாமன் வாசலில் வந்து நின்று, "எழுதியாச்சுங்களா அக்கா?" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒன்று செய்ய எனக்கு மனசில்லை. உட்காரச் சொல்லி, முதல் வரியிலிருந்து முழுவதையும் படித்துக் காட்டினேன். மாட்டுக் கதை வரும்போது தலையைக் குனிந்துகொண்டான். சாளை வந்தபோது நிமிர்ந்து, "ஊரு சும்மா இருக்குமுங்களா?" என்றான். இருக்காது என்றேன். படித்து முடித்ததும் மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் திரும்பினான். கொட்டாயில் செவலை கன்றை நக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்த மாட்டின் வழியில் வந்ததுதான் அதுவும். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த மாட்டப் பொறுக்குனது நாந்தானுங்களே அக்கா" என்றான். நீதான் தம்பி, நல்ல மாடுதான் என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "குடுங்க, போற வழீல தபால்ல போட்டர்றேன்" என்றான்.

இந்தக் கடைசி வரிகளை அவன் மாடு பூட்டுகிற நேரத்தில் எழுதுகிறேன். வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பட்டுமா என்று உன் அப்பா காதோடு கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உறையை ஒட்டாமலேயே அவன் கையில் கொடுக்கப் போகிறேன். பெருந்துறை தபாலாபீசுக்குப் போகிற தடத்தில் ஒரு பாழுங்கிணறு இருக்கிறது, உனக்குத் தெரியும். கிழித்துப் போட வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. இதை நீ படித்துக்கொண்டிருந்தால், உன் மாமன் அந்தக் கிணற்றைத் தாண்டிப் போய், உறையைத் தன் கையாலேயே ஒட்டிப் போட்டிருக்கிறான் என்று தெரிந்துகொள். அவன் செய்ததைவிட உன் வேலை ஒன்றும் பெரியதில்லை.

உன் அம்மா